மணிபாரதி சொன்ன சர்க்கரை

மணிபாரதி எந்த எண்ணையும் உள்ளபடி சொல்லமாட்டாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து, பதினைந்து வருடமாக, இதைப் பார்த்து வருகிறேன். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார். களத்தில் அறுபது மூட்டை நெல் கண்டிருக்கும். வரப்பில் போகிறவர் யாராவது கேட்டால், "என்னத்தக் கண்டுச்சு, நாப்பது தேறுனா பெருசு" என்பாள். மாடு மூன்று லிட்டர் கறந்தால் இரண்டு என்பாள். அடைக்கு வைத்த ஒன்பது முட்டையை ஆறு என்பாள். பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்து இருபது நிமிஷம் நின்றதாகச் சொல்வாள்.

இதைப் பொய் என்று எங்கள் ஊர் குரும்பகரத்தில் யாரும் சொல்வதில்லை. முழுசாகச் சொன்னால் நிற்காது என்பார்கள். நெல்லை முழுசாகச் சொன்னால் நெல் நிற்காது, பாலை முழுசாகச் சொன்னால் பால் நிற்காது. கருவுக்கும் அதே சொல்தான். அதனால் மாசமாக இருக்கிறவள் எத்தனை மாதம் என்று உள்ளபடி சொல்லக்கூடாது.

என் மாமியார் மாரியம்மாளும் குறைத்துத்தான் சொல்வார். ஆனால் அவர் குறைப்பதில் ஒழுங்கு கிடையாது. ஒருநாள் பாதியாகக் குறைப்பார், இன்னொரு நாள் ஒன்றிரண்டை மட்டும் எடுப்பார். மணிபாரதி அப்படியில்லை. எப்போதும் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுப்பாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் சொல்வதோடு அதில் பாதியைக் கூட்டினால் உண்மை வந்துவிடும் என்பதை இரண்டாவது வருடமே தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவள் நல்ல உயரம். கூப்பிட்டால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அம்மாவோடு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயதில் சுரக்குடியில் பூமிநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறார். பேச்சு குறைவு. பேசினால் வேனைப் பற்றி இருக்கும். அவர்களுடைய ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கர் வரும், அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நாற்று விடுவது, ஆள் கூப்பிடுவது, தண்ணீர் கட்டுவது, பக்கத்து வயல்காரர் வரப்பைச் செதுக்கினால் சண்டைக்குப் போவது எல்லாம் அவள் வேலை. நடவு ஆட்களுக்குச் சோறு கொண்டுபோனால் தானும் அவர்களோடு கரையில் உட்கார்ந்து அதே அளவு சாப்பிடுவாள்.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. ஐந்தாவது வருடம் உண்டானாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளுக்கு என்ன ஆனதோ, எண்ணைக் குறைப்பதை விட்டுவிட்டாள். வளைகாப்பன்று தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, "எத்தன மாசம்டி ஆவுது?" என்று கேட்டாள். மணிபாரதி சபையறிய, "ஏழு முடிஞ்சு எட்டு பொறக்கப் போவுதுக்கா, முப்பத்தோரு வாரம்" என்றாள். நான் பழக்கத்தில் பாதியைக் கூட்டிப் பார்த்தேன். பத்தரை மாதம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளபடி சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

அதிலிருந்து ஐந்தாவது வாரம் குழந்தை அசையவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது. ஆண் பிள்ளை. நாலு கிலோ இருந்தது. சர்க்கரை பார்த்த சீட்டு எங்கே என்று டாக்டர் கேட்டார். அது இல்லை. ஆறாம் மாதம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் சுரக்குடியில் நடவு, அவள் போகவில்லை. அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே பார்த்திருப்பார்கள் என்று இங்கே நினைத்தோம், இங்கே பார்ப்பார்கள் என்று அங்கே நினைத்தார்கள். சர்க்கரை காரணமாக இருந்திருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, அடுத்த தடவை ஆரம்பத்திலேயே வாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

மணிபாரதி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்து, மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முழுசாச் சொன்னேன் அண்ணி. நிக்கல."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மாடு மறுபடியும் இரண்டு லிட்டர் கறக்க ஆரம்பித்தது.

ஆறு வருடம் கழித்து ஒருநாள் போன் செய்தாள். "அண்ணி, நாள் தள்ளிப்போயிருக்கு. நாலு வாரம் இருக்கும்" என்றாள். ஆறு வாரம் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்கேனில் ஆறு வாரம் என்றுதான் வந்தது.

காரைக்காலில் மருத்துவமனைக்கு அவளையும் மாமியாரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கு ஆட்களோடு பேச வராது, ஆனால் எந்தச் சன்னல், எந்த வரிசை என்பது மறக்காது. மூன்றாவது தடவை போனபோது ஒரு பெண் எங்களிடம் வந்தாள். தலையில் துப்பட்டா, கழுத்தில் அட்டை. வெளியூர் ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்காக வேலை செய்கிறாள், பெயர் ஷஃபீனா. மூன்று மாதம் முடியாத கர்ப்பிணிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இது வைத்தியம் இல்லக்கா, ஆராய்ச்சி. நம்ம வயித்துல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. மாசமா இருக்குறப்ப சில பேருக்கு மட்டும் சக்கரை வருதுல்ல, அவங்க வயித்துல அது முன்னாடியே வேற மாதிரி இருக்கான்னு பாக்குறோம்."

"வயித்துலயா?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா."

"புள்ளைக்குப் பக்கத்துலயா?"

"இல்லம்மா, அந்த வயிறு இல்ல. இது குடலு."

"இருக்குறது ஒரு வயிறுதானம்மா."

ஷஃபீனா கொஞ்சம் யோசித்தாள். "வயிறு ஒண்ணுதாம்மா. உள்ள ரெண்டு வீடுன்னு வச்சுக்குங்க."

"நடுவுல சுவரு இருக்குல்ல?"

"இருக்கும்மா. கெட்டியான சுவரு."

மாமியார் அதை ஏற்றுக்கொண்டார். மணிபாரதிக்கு வேறு ஒன்று உறுத்தியது.

"கோடிக்கணக்குலன்னு சொல்றீங்களே, யாரு எண்ணுனா?"

"எண்ண முடியாதுக்கா. தோராயமாக் கணக்குப் போடுறதுதான்."

"எண்ணாதீங்க. இருந்துட்டுப் போவட்டும்."

அவளிடம் கேட்டது மலம். முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை, எட்டாம் மாதம் ஒருமுறை. மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த டப்பா ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் போட்டிருந்த கோட்டைக் காட்டினாள். மணிபாரதி ஒரு நாள் முழுக்கத் தயங்கிவிட்டு மறுநாள் காலையில் கொடுத்தாள். கோட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு இருந்தது.

"கோடு வரைக்கும் வேணுமேக்கா" என்றாள் ஷஃபீனா.

"ஏதோ இருக்குறத குடுத்தேன்."

இன்னொரு டப்பா கொடுத்தார்கள். அதை நிரப்பிக் கொடுத்தாள். ஷஃபீனா அதன்மேல் ஒரு எண்ணை ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டாள். வாரத்துக்கு எத்தனை நாள் கீரை, தயிர் உண்டா, மோர் உண்டா, புகையிலை உண்டா, ஆறு மாதத்துக்குள் ஆண்டிபயாடிக் மாத்திரை எதுவும் போட்டதுண்டா, பழைய சோறு சாப்பிடுவீர்களா. மணிபாரதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எண் வந்த இடத்தில் குறைத்துச் சொன்னாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "கீரையக் கேட்டாங்க, தயிரக் கேட்டாங்க, பழைய சோத்தக் கேட்டாங்க. பூரியக் கேக்கல பாத்தியா?"

நாலாம் மாதம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நூற்று அறுபத்தெட்டு. நூற்று நாற்பதுக்குள் இருந்திருக்க வேண்டும். டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, இந்த முறை விடக்கூடாது என்றார். விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று இருபதுக்குள் இருக்க வேண்டும். தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, நடந்து பார்க்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் ஊசி.

அன்றைக்கே அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பூமிநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். அப்புறம் வேன் டயர் தேய்ந்துவிட்டது என்பார்.

மாமியார் பழைய சோற்றில் இறங்கிவிட்டார். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்து, காலையில் கையால் பிசைந்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு மகளுக்கு வைப்பார். அதில் நல்ல கிருமி இருக்கிறது, அது போய் வயிற்றில் இருக்கிற கெட்ட கிருமியை விரட்டும், கெட்ட கிருமி போனால் சர்க்கரை போய்விடும் என்பது அவர் கணக்கு. ஒரு சட்டி சோறு. மணிபாரதியும் நடவு ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவள். சட்டி காலியாகும். ஷஃபீனா கொடுத்த சாப்பாட்டுப் படிவத்தில் "ஒரு கிண்ணம்" என்று எழுதுவாள்.

நான் வீடு கூட்டிக்கொண்டிருக்கும்போதும், மாவு ஆட்டும்போதும், மெஷினில் வரும் எண் என் கண்ணில் படும். அவள் எழுதுவதும் படும். மெஷினில் நூற்று எண்பத்தாறு, நோட்டில் நூற்று இருபத்துநாலு. மெஷினில் நூற்றுப் பதினேழு, நோட்டில் எழுபத்தெட்டு. அவள் யாரையும் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. குத்திய விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல் எழுதுவாள். பெருக்கல், வகுத்தல் எதுவும் போடுவதில்லை. கை தானாகக் குறைக்கும்.

நான் ஏன் சொல்லவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு படித்தவர், பாதியைக் கூட்டிக்கொண்டுதான் பார்ப்பார் என்று இருந்துவிட்டேன்.

மருத்துவமனையிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் மணிபாரதி கீரையும் ரசமும் மட்டும் சாப்பிடுவாள். சர்க்கரை பார்க்கப் போகிறோம், சுத்தமாகப் போக வேண்டும் என்பாள். கோயிலுக்குப் போகிற மாதிரி. அங்கே வந்த எண் நோட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

எட்டாம் மாதம் பிறந்ததும் ஸ்கேன். டாக்டரம்மா ஸ்கேன் சீட்டை இடது கையிலும் நோட்டை வலது கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கடைசி டப்பா வாங்குவதற்காக ஷஃபீனாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"நோட்டப் பாத்தா ஒரு குறையும் இல்ல. ஸ்கேன்ல குழந்தை மூணு வாரம் பெருசா இருக்கு, தண்ணியும் அதிகம். ரெண்டும் ஒரே ஆளோடதா?"

இரண்டையும் எங்கள் பக்கமாக மேசையில் வைத்தார்.

"இப்படியே போனா போன தடவை மாதிரி ஆயிடும்மா. எங்க தப்புன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். சரியாத்தான் எழுதுறீங்களா?"

"எழுதுறேங்க" என்றாள் மணிபாரதி.

அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. போன தடவையும் கடைசி நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவ சொல்றதோட பாதி சேத்துக்கணுங்க."

"என்னம்மா?"

"நூத்தி இருபதுன்னு இருந்தா நூத்தி எம்பதுங்க."

டாக்டரம்மா என்னை முதல்முறையாகப் பார்த்தார். ஷஃபீனா மணிபாரதியின் பையிலிருந்து மெஷினை எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினாள். அதற்குள் பழைய எண்களெல்லாம் தேதியோடு இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, டாக்டரம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நூத்தி எம்பத்தாறு."

"நூத்தி இருபத்துநாலு."

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு."

"நூத்தி இருபத்தெட்டு."

பத்துப் பன்னிரண்டு படித்ததும் டாக்டரம்மா போதும் என்று கையைக் காட்டினார். ஒரு தாளில் எதையோ வகுத்துப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரே கணக்கு" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பழக்கந்தாங்க."

அவர் மணிபாரதியின் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மணிபாரதி நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "முழுசாச் சொன்னா நிக்காதுங்க."

"எது நிக்காது?"

மாமியார்தான் பதில் சொன்னார். "புள்ளைங்க."

டாக்டரம்மா பழைய ஃபைலைத் திறந்து வைத்தார். "போன தடவை நீ சொன்னதுனால போகலம்மா. சக்கரைய யாரும் பாக்காததுனால போயிருக்கலாம். இந்தத் தடவை பாத்தாச்சு, ஆனா நீ என்கிட்ட மறைச்சுட்டே. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இனிமே ஊசிதான் போட்டாகணும். நீ சொல்ற நம்பர வச்சுத்தான் தினமும் அளவு சொல்வேன். கூடிப்போனாலும் ஆபத்து, கொறஞ்சாலும் ஆபத்து. என்னால பாதி சேத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

ஷஃபீனா சாப்பாட்டுப் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பழைய சோறு ஒரு கிண்ணம்னு போட்டிருக்கே, எவ்வளவு பெரிய கிண்ணம்?"

"சட்டி" என்றார் மாமியார் பெருமையாக. "நீதானம்மா அதக் கேட்ட."

"நான் சாப்பிடுவீங்களான்னு கேட்டேம்மா. சாப்பிடச் சொல்லலையே."

"நல்லதா இல்லன்னா ஏன் கேக்குற?"

"புகையிலையுந்தான் கேட்டேன்."

மாமியார் யோசித்தார். "அத நான் கவனிக்கல" என்றார்.

பழைய சோற்றில் நல்ல பாக்டீரியா இருக்கலாம், ஆனால் சட்டி நிறையச் சோறும் இருக்கிறது, ரத்தத்தில் ஏறுவது அந்தச் சோறு என்று ஷஃபீனா பொறுமையாகச் சொன்னாள். குடலில் இருப்பது மாறியதால் சர்க்கரை வருகிறதா, சர்க்கரை வருகிற உடம்பில் அது மாறுகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை, தெரியாததால்தான் டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றாள். மாமியார் தலையாட்டினார். மறுநாளிலிருந்து அந்தச் சட்டி என் வீட்டுக்காரருக்குப் போனது.

மூன்று நாள் படுக்கையில் வைத்து, ஊசி போட்டுப் பழக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் இரண்டு வேளை எண்ணைப் போனில் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவிடம் கேட்டு, ஊசி அளவை ஷஃபீனா திருப்பிச் சொல்வாள்.

முதல் நாள் காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து மணிபாரதி விரலைக் குத்தினாள். நூற்று ஐம்பத்தாறு. போனை எடுத்தாள். அடுத்த முனையில் ஷஃபீனா, "சொல்லுங்கக்கா" என்பது எனக்கே கேட்டது.

"நூத்தி..." என்றாள் மணிபாரதி.

"சொல்லுங்க."

"நூத்தி..."

அதற்கு மேல் வரவில்லை. குறைத்தும் சொல்ல முடியவில்லை, முழுசாகவும் சொல்ல முடியவில்லை. நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரல், முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை. நான் சொல்லட்டுமா என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். போனை மடியில் வைத்துவிட்டாள். ஷஃபீனா "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு எதிரே சாலையில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். மணிபாரதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணி, களத்துல குவியல மூடியா வைக்கிறோம்?"

"இல்ல."

"போறவன் வர்றவன் எல்லாம் பாக்குறான்ல?"

"ஆமா."

"எத்தன மூட்டைன்னு வாயால சொல்றதத்தான குறைக்கிறோம். காட்டுனா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"அப்படித்தான் தெரியுது" என்றேன்.

மெஷினைக் கீழே வைத்தாள். அதன் பக்கத்தில் காலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து வைத்து, போனில் படம் பிடித்து ஷஃபீனாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் அளவு வந்தது. தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

பிரசவம் வரை அவள் வாயால் ஒரு எண்கூடச் சொல்லவில்லை. தினமும் இரண்டு படம். சிலதில் அவள் கட்டைவிரலும் இருக்கும், சிலதில் மாமியாரின் புடவைத் தலைப்பு இருக்கும். ஒன்றில் கோழி. எண் மட்டும் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது. முதல் வாரம் நூற்று ஐம்பதுகள், அடுத்த வாரம் நூற்று முப்பதுகள், அப்புறம் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து. டாக்டரம்மா, "படமே போதும், எழுதவும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். பூமிநாதனிடமும் நோட்டுக்குப் பதிலாகப் போனைக் கொடுத்தோம். அவர் கோழிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

முப்பத்தாறாவது வாரம்தான் கஷ்டமாக இருந்தது. முதல் குழந்தை அசைவை நிறுத்தியது அந்த வாரத்தில்தான். மணிபாரதி காலையில் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து, குழந்தை அசையும்போதெல்லாம் ஒரு நெல்லை எடுத்துக் கிண்ணத்தில் போடுவாள். பத்து நெல் விழ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தபடியே, விழுவதை எண்ணிக்கொண்டிருப்பேன். மாமியார் தின்பண்டம் எதுவும் செய்யாமல் அந்த வாரம் முழுக்க வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வழக்கமில்லை.

முப்பத்தெட்டாவது வாரம் தேதி கொடுத்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடுத்ததும் அழுதது. குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கியிருந்ததால் ஒரு நாள் குழந்தைகள் வார்டில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் பூமிநாதன் கையில் கொடுத்தார்கள். அவர் அன்றைக்கு வேன் ஓட்டப் போகவில்லை, வேனைப் பற்றிப் பேசவுமில்லை. மணிபாரதி குழந்தையை வாங்கி, துணியை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து பால் கொடுக்கச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள். நிலா என்று பெயர் வைத்தார்கள். ஊசியை அன்றோடு நிறுத்தினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் மணிபாரதிக்குச் சர்க்கரை சரியாக இருந்தது.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது ஷஃபீனா சுரக்குடிக்கு வந்து இரண்டு டப்பா வாங்கிப்போனாள், ஒன்று அம்மாவுடையது, ஒன்று மகளுடையது. ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்று மணிபாரதி கேட்டாள். நூற்றுக்கணக்கான பெண்களுடையதை எடுத்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் வெளியூரில் குளிர்பெட்டியில் இருக்கிறது, பார்த்து முடிக்க இன்னும் காலமாகும், ஒரு ஆளுடையதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். மணிபாரதி சரி என்று கேட்டுக்கொண்டு, அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது நிலாவுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். நடக்கிறாள். வரப்பில் விட்டால் வயலுக்குள் இறங்கிவிடுகிறாள். மணிபாரதி பழையபடி ஆறு மா நிலத்தையும் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் மருத்துவமனையில் பார்த்தபோது அவளுக்குச் சர்க்கரை எல்லைக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. மாத்திரை இன்னும் இல்லை. சோற்றைக் குறைத்திருக்கிறாள், சாயங்காலம் நடக்கிறாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.